பள்ளிக்கூட இடம் விட்டால்தான் பைப்பு

நெல்லாரஅள்ளியிலேயே உயரமான பெண்பிள்ளை குள்ளம்மாள்தான். பிறந்தபோது கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாளாம். பார்க்க வந்தவர்கள் சொன்னதே பெயராக நின்றுவிட்டது, ஆள் மட்டும் வளர்ந்துவிட்டாள். பேச்சிலும் யாருக்காகவும் குனிகிறவள் இல்லை. அதனால் அவளைப் பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்கள் அதைவிட அதிகமாக உண்டு.

காரிமங்கலத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற அந்த ஊரில் பத்து வருஷமாக அவள்தான் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர். கோழி கூவுகிற நேரத்துக்கு மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவாள். அப்புறம் மொபெட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வைத் திறப்பாள், மூடுவாள். மாசம் நாலாயிரத்துச் சொச்சம் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு ஆம்பளை ஒருவரும் வராததால்தான் வேலை அவளுக்குக் கிடைத்தது. புருஷன் நஞ்சப்பன் லோடு வண்டி ஓட்டுகிறான். பையன்கள் இருவரும் படித்து முடித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவள் சேர்ந்தபோது ஊரில் ஆறு வால்வு இருந்தது. இப்போது பதினாலு. கூடின எட்டும் லேஅவுட்டுக்கானவை. நெடுஞ்சாலை ஓரத்தில் ராகியும் கொள்ளும் விளைந்த காடெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்டது. பெங்களூரில் சம்பாதித்து ஊர்ப்பக்கம் வீடு கட்ட நினைத்தவர்கள் வந்தார்கள். சர்க்கார் உத்தியோகக்காரர்கள், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் காட்டை விற்றுவிட்டு டவுன் ஓரமாக வர ஆசைப்பட்டவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மாடி மேல் மாடி ஏறியது. பழைய ஊரை விட லேஅவுட் பெரிசாகிவிட்டது. யார் வீட்டில் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், யார் மேலே ஒரு தளம் போட்டிருக்கிறார்கள் என்பது தலைவருக்குத் தெரிவதற்கு முன்னால் குள்ளம்மாளுக்குத் தெரிந்துவிடும். வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணி ஏறும் என்பதுதான் அவள் கணக்கு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், தலைமை ஆசிரியை நிர்மலா அவளுக்குப் போன் செய்தாள். பள்ளிக்கூடத்து டேங்க்கில் தண்ணி பதினோரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது, எங்கேயாவது பைப்பு ஒழுகுகிறதா என்று வந்து பார்க்கச் சொன்னாள்.

பைப்பு ஒழுகவில்லை. பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் படித்த தொடக்கப்பள்ளியில் நூற்று அறுபத்து மூன்று பேர். கட்டடம் அதே இரண்டு ரூம். ஒன்றில் நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்திருந்தன. இன்னொன்றில் இரண்டும் மூன்றும். ஒண்ணாம் வகுப்புக்குச் சத்துணவுக் கூடத்து வராண்டாதான். உள்ளே குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி ஒரு டீச்சர் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைகளுக்கு இருந்த இரண்டு கக்கூஸில் ஒன்றுக்குக் கதவு இல்லை.

வராண்டா ஓரமாக நின்ற தேவிப்பிரியா என்கிற மூணாங்கிளாஸ் பிள்ளையின் கையில் தண்ணி பாட்டில் நிறைய இருந்தது. வெயில் ஏறிய நேரம். ஏன் கண்ணு குடிக்கவில்லை என்று கேட்டாள் குள்ளம்மாள்.

"குடிச்சா ஒண்ணுக்குப் போவணும். போனா வரிசைல நிக்கணும். அதான் வூட்டுக்குப் போயி குடிச்சிக்குவன்."

அந்தப் பிள்ளை அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் என்பது போலச் சொன்னது. ஊரெல்லாம் சுற்றிச் சுற்றித் தண்ணி விடுகிற தன்னிடம், தாகத்தோடு ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறதே என்று குள்ளம்மாளுக்குத் தாங்கவில்லை. மொபெட்டை நேராகத் தலைவர் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு விட்டாள்.

கிருஷ்ணப்பன் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிப்போனவர். பள்ளிக்கூடம் கல்வித் துறையுடையது, கட்டடம் ஒன்றியத்துடையது, பஞ்சாயத்துக்கு வருகிற காசு கரண்டு பில்லுக்கே போதவில்லை என்றார். ஊரில் வரி கட்டுகிற வீடு நானூற்றுப் பதினெட்டுதான், அதில் என்ன கிழிக்க முடியும் என்று கேட்டார்.

அந்த நம்பரைக் கேட்டதும் குள்ளம்மாள் எழுந்து வந்துவிட்டாள். அவள் தண்ணி விடுகிற வீடு நானூற்றுப் பதினெட்டு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் ஒரு நோட்டு வாங்கினாள். தினமும் வால்வு திறக்கப் போகிற வழியில் ஒவ்வொரு தெருவாக எழுதினாள். வீட்டுக்காரர் பேர், எத்தனை மாடி, எத்தனை குடும்பம், எத்தனை குழாய். மூன்று வாரம் ஆனது. எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தபோது அறுநூற்று ஐம்பத்தைந்து வீடு வந்தது. ஆபீசிலிருந்த வரிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். இருநூற்று முப்பத்தேழு வீட்டுக்கு வரியே போடவில்லை. மிச்சத்தில் பாதி, மூணு மாடி கட்டிவிட்டு ஓட்டு வீட்டுக்கான வரியைக் கட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் பஞ்சாயத்து கிளார்க் பார்க்காமல் இல்லை. பார்த்தால் நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள் என்று பார்க்காமல் இருந்தார்.

நஞ்சப்பன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். ஊர்ப் பகை நமக்கு எதற்கு என்றான். அவள் நோட்டை எடுத்து மொபெட்டில் வைத்துக்கொண்டாள்.

லேஅவுட்டுக்குப் போய் வீடு வீடாகப் பேசிப் பார்த்தாள். உங்க பிள்ளைங்கதான் வராண்டாவில் உட்கார்ந்திருக்குது, வரி போடச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுங்க என்றாள். வரி போடுங்கள் என்று யாராவது போய்க் கேட்பார்களா? சிரித்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். தினமும் "வாங்கக்கா, டீ குடிங்க" என்ற ஒருத்தி, தூங்குகிற நாயை எதற்குக் கல்லெடுத்து அடிக்கிறாய் என்று வாசலிலேயே சண்டைக்கு வந்தாள். பழைய ஊரிலோ வேறு மாதிரிப் பேச்சு. வந்தவன் பிள்ளைக்கு நாம் எதற்குக் கட்டடம் கட்ட வேண்டும், அவனவன் வேன் வைத்து டவுனுக்கு அனுப்பட்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் அவளுக்கு ஆள் இல்லாமல் போனது.

லூர்தம்மாள் ஒருத்திதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த விவசாயக் குடும்பம் அவர்களுடையது. இருந்த காட்டையெல்லாம் விற்று இங்கே மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். கொழுந்தனும் பக்கத்து மனையிலேயே இருந்தான். அவன் மகள் ஒண்ணாங்கிளாஸ். பீரோவிலிருந்து லூர்தம்மாள் ஒரு தாளை எடுத்து விரித்தாள். மனை விற்ற ராஜா கொடுத்த கலர் நோட்டீஸ் அது. லேஅவுட் படத்தில் மேற்கு மூலையில் மஞ்சளாக ஒரு சதுரம், அதற்குள் "பள்ளிக்கூடம்" என்று எழுதியிருந்தது.

"இதப் பாத்துதானுங்க நாங்க வாங்குனோம். நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் வருதுன்னு சொன்னாங்க. அதுக்குன்னே சதுர அடிக்கு நூறு ரூவா சேத்து வாங்குனாங்க."

குள்ளம்மாளுக்கு அந்த மூலை நன்றாகத் தெரியும். பதிமூன்றாவது வால்வுக்கு எதிரே இருக்கிறது. போன மாசம்தான் அதில் பன்னிரண்டு மனைக்குக் கல் நட்டு வெள்ளையடித்திருந்தார்கள்.

ஜூலை கடைசியில் ராஜாவே வந்தான். லேஅவுட்டின் இரண்டாம் பகுதிக்கு நூறு மனை பிரித்திருந்தான். அது போக அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து விற்கப் பார்த்தான். பஞ்சாயத்து மெயின் லைனிலிருந்து புதுப் பைப்பை இணைத்துவிட்டால் தண்ணி வசதியோடு என்று போர்டு வைத்து விற்கலாம். தலைவர் வாய்வார்த்தையாகச் சரி என்றிருந்தார். பைப்பை இணைக்க வேண்டியவள் குள்ளம்மாள். இரண்டு நாள் வேலை.

அவள் முடியாது என்றாள்.

ராஜா முதலில் சிரித்தான். உன் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடமா அது என்று கேட்டான். அப்புறம் அவளுக்கும் ஒரு அரை மனை பாதி விலைக்கு முடித்துத் தருவதாகச் சொன்னான். மண் வீட்டில் பிறந்து ஷீட் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அரை மனை என்பது லேசான விஷயம் இல்லை. நஞ்சப்பன் பக்கத்தில்தான் நின்றான். அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள்.

"மஞ்சக் கலர் போட்டு ஜனங்க கிட்ட காசு வாங்குன எடம் அது. அத பஞ்சாயத்து பேருக்கு எழுதிக் குடுங்க. அன்னிக்கே பைப்ப சேக்கறன். அதுவரைக்கும் நான் சேக்க மாட்டன், வேற யாரையும் சேக்க உடவும் மாட்டன்."

மறுநாள் கிளார்க் போன் செய்து, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், மோட்டார் ரூம் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிடு என்றார். எதற்காக நிறுத்துகிறோம் என்று காரணத்தை எழுத்தில் கொடுங்கள், வாங்கிக்கொண்டு சாவியைத் தருகிறேன் என்றாள். எழுத்தில் கொடுப்பது எப்படி? பள்ளிக்கூட இடத்தில் மனை போடுகிறவனுக்குப் பைப்பு இணைக்க மறுத்தாள் என்றா எழுத முடியும்? காகிதம் வரவில்லை. அவளும் சாவியைக் கொடுக்கவில்லை. சம்பளம் மட்டும் நின்றுபோனது. சம்பளம் இல்லாமலே தினமும் வால்வைத் திறந்தாள். ஒரு வீட்டுக்கும் ஒரு வேளை கூடத் தண்ணி தவறவில்லை. தன்னைத் திட்டின வீட்டுக்கும் அதே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே ராஜா காரிமங்கலத்திலிருந்து ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தான். பதிமூன்றாவது வால்வுப் பக்கம் குழி வெட்டியாயிற்று. குள்ளம்மாள் மொபெட்டை நிறுத்திவிட்டுக் குழிக்குள் இறங்கி, மெயின் பைப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். காலை பத்து மணி. வெயில் உச்சியில் அடிக்கத் தொடங்கியது. ராஜா போலீசைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடுங்க, அவங்களுக்கும் அந்த நோட்டீசைக் காட்டறன் என்றாள். கொஞ்ச நேரத்தில் லூர்தம்மாள் குடையோடு வந்தாள். அவளுடைய கொழுந்தன் அந்தோணி பிரகாஷ் வந்தான். அவன் பின்னால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த ஏழெட்டுப் பெண்கள். யாரும் கோஷம் போடவில்லை. குழியைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குப் பிளம்பர் சாமானைக் கட்டி எடுத்துக்கொண்டு, இந்த வேலை எனக்கு வேண்டாம் சார் என்று கிளம்பிவிட்டான்.

அன்றைக்குத்தான் நஞ்சப்பன் முதல்முறையாக அவள் பக்கம் பேசினான். அரை மனை போனால் போகட்டும், குழியில் இறங்கியாயிற்று, இனிமேல் பாதியில் ஏறி வராதே என்றான்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடந்தது. எப்போதும் முப்பது பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிற கூட்டம். அன்றைக்கு முந்நூறு பேருக்கு மேல். லேஅவுட்காரர்கள் ஒரு பக்கமும் பழைய ஊர்க்காரர்கள் ஒரு பக்கமும் தனித்தனியாக நின்றார்கள். குள்ளம்மாள் நோட்டோடு எழுந்தாள். பஞ்சாயத்தில் வேலை பார்க்கிறவர்கள் கிராம சபையில் பேசக்கூடாது என்றார் கிளார்க்.

"சம்பளம் நிறுத்தி ஆவுது பதினஞ்சு நாளு. அப்ப நான் வேல செய்யறவ இல்ல, ஓட்டுப் போடறவ. பேசறன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கிளார்க் உட்கார்ந்துவிட்டார்.

அவள் நோட்டைத் திறந்து முதல் வரியைப் படித்தாள். "வால்வு ஒண்ணு. மொத வூடு என்னுது. போன வருசம் பின்னால ஒரு ரூம் போட்டோம். இன்னும் சொல்லல. வரி பாக்கி."

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு அவளைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. தெருத் தெருவாகப் படித்தாள். கிருஷ்ணப்பனுடைய மச்சான் கட்டிய மூன்று மாடி வீடும் வந்தது, ஓட்டு வீடு என்று வரி போட்டதாக. அதைப் படிக்கும்போது குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. படித்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. குடிக்க லூர்தம்மாள் தண்ணி நீட்டினாள்.

அப்புறம் அவள் கேட்டதெல்லாம் நேரான விஷயம். எல்லா வீட்டுக்கும் உள்ளபடி வரி போட வேண்டும். கூடுதலாக வருகிற காசை மூன்று வருஷத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்க வேண்டும். இனிமேல் புது மனை போடுகிறவர், மனைக்கு மூவாயிரம் பஞ்சாயத்தில் கட்டிய பிறகுதான் தண்ணி லைன் கேட்கலாம். மஞ்சள் இடம் பஞ்சாயத்து பேருக்கு வராமல் இரண்டாம் பகுதிக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது.

பழைய ஊர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர், இவங்க வரி கட்டினால் போதும், நாங்கள் எதற்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார். லேஅவுட் பக்கமிருந்து ஒருவர், மனை விலையிலேயே எல்லாம் கொடுத்தாயிற்று என்றார். இரண்டு பேரையும் பார்த்துக் குள்ளம்மாள் சொன்னாள்:

"அந்த வராண்டால உக்காந்திருக்கிற புள்ளைல எது ஊரு, எது லேஅவுட்டுன்னு பிரிச்சிக் காட்டுங்க பாக்கலாம். காட்டிட்டீங்கன்னா நான் இந்த நோட்ட கிழிச்சிடறன்."

கேட்ட இருவரும் கூட்டத்துக்குள் பின்வாங்கினார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த ஒன்றிய அலுவலர், இதையெல்லாம் தீர்மானமாக எழுதச் சபைக்கு உரிமை இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழுதிக்கொள்கிறேன் என்றார் கிளார்க். பிறகு வேண்டாம், இப்போதே என்று குள்ளம்மாள் மேஜை முன்னால் நின்றுகொண்டாள். ஒவ்வொரு தீர்மானமாக எழுதி, உரக்க வாசித்து, முந்நூறு பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசிக் கையெழுத்து கிருஷ்ணப்பனுடையது. மச்சான் வீட்டுப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் மனசுக்குள் ஓடியிருக்கும். இருந்தாலும் போட்டார். சாவியை நீயே வைத்துக்கொள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று நடந்துவிடவில்லை. ராஜா ஏழு மாசம் இழுத்தடித்தான். வக்கீல் நோட்டீஸ் வந்தது. குள்ளம்மாள் குடிபோதையில் தகராறு செய்ததாகக்கூட ஒரு மனு போனது. அதைக் கேட்டு லேஅவுட் பெண்கள் கொதித்துப்போனார்கள், அவள் சிரித்துக்கொண்டாள். தண்ணி இல்லாத மனையை வாங்க ஆள் வரவில்லை. வந்து பார்த்தவர்களிடம் அந்தோணி பிரகாஷ் பழைய நோட்டீசை எடுத்துக் காட்டினான். கடைசியில் பங்குனி மாசம், காரிமங்கலத்தில் ராஜா அந்த இடத்தைப் பஞ்சாயத்துக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தான். நூறு மனைக்கு மூன்று லட்சமும் கட்டினான். பத்திரத்தின் நகலைப் பார்த்த பிறகுதான் குள்ளம்மாள் பைப்பை எடுத்தாள். சொன்ன மாதிரி அன்றைக்கே வேலையைத் தொடங்கி, இரண்டு நாளில் இணைத்துக் கொடுத்தாள்.

ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடுகிற திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு வகுப்பறைக்கும் கக்கூஸ்களுக்கும் சேர்த்து முப்பது லட்சத்துக்கு நிர்மலா டீச்சர் எழுதி அனுப்பினாள். ஊர் போட வேண்டியது பத்து லட்சம். புது வரியிலும் பாக்கியிலும் நாலு லட்சம் தேறியது. ராஜா கட்டினது மூன்று. மிச்சத்துக்கு மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். இந்த முறை கதவைச் சாத்தினவர்கள் குறைவு. வாசலில் சண்டைக்கு வந்த அதே பெண் இரண்டாயிரம் கொடுத்துவிட்டு, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள்.

குள்ளம்மாளுக்கு நாலு மாசத்துச் சம்பளம் நின்றது நின்றதுதான். அப்புறம் வரத் தொடங்கியது, பழைய பாக்கி வரவில்லை. அதை அவள் இன்னும் மாசாமாசம் ஆபீசில் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அரை மனையைப் பற்றி நஞ்சப்பன் ஒரே ஒரு தடவை பேச்செடுத்தான். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு இல்லை. அதற்கப்புறம் அவன் அதைப் பேசவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூனில் மஞ்சள் இடத்தில் புதுக் கட்டடம் திறந்தது. நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் அங்கே போயின. ஒண்ணாம் வகுப்பு வராண்டாவை விட்டு ரூமுக்குள் வந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கதவு போட்ட ஆறு கக்கூஸ். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பேசிவிட்டுப் போன பிறகு குள்ளம்மாள் நிர்மலா டீச்சரிடம் ஒன்று கேட்டாள். இரண்டு இடத்தில் அஞ்சு வகுப்பு, நூற்று எழுபது பிள்ளைகள். டீச்சர் எத்தனை பேர்?

மூன்று பேர்தான் என்றாள் நிர்மலா. எழுதிப் போட்டிருக்கிறோம், எப்போது வரும் என்று தெரியாது என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மனுநாளுக்கு, குள்ளம்மாளும் லூர்தம்மாளும் வேறு பதினோரு பெண்களும் டீச்சர் கேட்டு மனு எழுதிக்கொண்டு, காரிமங்கலத்தில் பஸ் ஏறித் தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். மனுவை வாங்கினவர் நம்பர் போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, பரிசீலிப்போம், நீங்கள் போகலாம் என்றார்.

"போறமுங்க. அடுத்த வாரமும் வருவம்," என்றாள் குள்ளம்மாள்.

அடுத்த வாரமும் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். கிளம்புகிற அன்றைக்கெல்லாம் அவள் ஊருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தண்ணி விட்டுவிடுவாள். ஆறாவது திங்கட்கிழமை, வரிசையில் நிற்கும்போதே நிர்மலா போன் செய்து, ஒரு டீச்சர் வந்து சேர்ந்துவிட்டார் என்றாள். பெண்கள் சந்தோஷப்பட்டு, அப்படியே திரும்பிவிடலாமா என்று குள்ளம்மாள் முகத்தைப் பார்த்தார்கள்.

"கேட்டது ரெண்டு பேரு," என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் முன்னால் நகர்ந்தாள்.